வீட்டில் கட்டிய விமானமா, பழைய செஸ்னாவா? பயம் ஒரு பக்கம், ஆபத்து இன்னொரு பக்கம்

அமெரிக்காவில் பைலட் லைசென்ஸ் எடுத்து, பயிற்சிப் பள்ளியின் வாடகை விமானத்தில் பறந்து பறந்து அலுத்தவர்கள் பலரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சொந்தமாக ஒன்று வேண்டும், எதை வாங்குவது? கையிலிருக்கும் பணத்துக்கு நாற்பது, ஐம்பது வயதான செஸ்னா 172 ஒன்று கிடைக்கும். அதைவிட வேகமாகப் போகிற, புதுத் திரைக் கருவிகள் வைத்த ஆர்வி ரக விமானம் ஒன்றை யாரோ தன் கேரேஜில் கட்டி விற்பனைக்கு வைத்திருப்பார். இரண்டும் வேண்டாமென்றால் கிட், அதாவது பாகங்களின் தொகுப்பு, வாங்கி நாமே கட்டலாம். கணக்கெல்லாம் போட்டு முடிக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து கேள்வி வரும்: "கேரேஜ்ல ரிவெட் அடிச்ச பிளேன்லயா பிள்ளைங்கள ஏத்தப் போறீங்க?"

அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துக் கணக்கு உண்மையிலேயே மோசம். ஆனால் கேட்பவர் மனதில் இருக்கும் படம், அதாவது நடுவானில் இறக்கை கழன்று விழும் படம், பதிவுகளோடு பொருந்தவில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. அது எங்கே என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் பாதி தெளிந்துவிடும்.

## பதிவுகள் சொல்வது

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சுருக்கமாக என்டிஎஸ்பி, இந்த வகை விமானங்களைப் பற்றி 2012-இல் ஒரு முழு ஆய்வு வெளியிட்டது. 2011-ஆம் ஆண்டு நிலவரம் இது: சிறு விமானங்களின் மொத்த எண்ணிக்கையில் இவை ஏறக்குறைய 10 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 33,000. ஆனால் விபத்துகளில் இவற்றின் பங்கு சுமார் 15 சதவீதம். உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 சதவீதம். பின்வந்த ஆண்டுகளில் நிலைமை முன்னேறியிருக்கிறது என்றாலும், இந்த இடைவெளியை மழுப்பிப் பேசும் எந்த விற்பனையாளரையும் நம்ப வேண்டாம்.

காரணங்களைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் ஆய்வு பயன்படுகிறது. மற்ற எல்லாவற்றையும்விட மிக அதிகமாக வந்தவை இரண்டு: இன்ஜின் சக்தி போவது, பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பது. விமானத்தின் உடலோ இறக்கையோ முறிவது அபூர்வம். இந்த விமானிகள் அனுபவமில்லாதவர்களும் அல்லர். மொத்தப் பறப்பு மணிகள் மற்ற சிறுவிமான விமானிகளுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தன. அந்தக் குறிப்பிட்ட மாடலில் பறந்த மணிகள்தான் குறைவு. 2011-இல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து கைமாறி வந்த விமானங்கள். ஆராயப்பட்ட 224 விபத்துகளில் 14, அப்படி வாங்கிய புது உரிமையாளரின் முதல் பறப்பிலேயே நடந்தவை.

பாடகர் ஜான் டென்வர் இறந்த விபத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில் அவர் ஓட்டிய லாங்-ஈஸி விழுந்தது. ‘வீட்டில் கட்டிய விமானத்தில் பாடகர் பலி’ என்றே மக்கள் நினைவில் நிற்கிறது. விமானம் உடையவில்லை. வேறொருவர் கட்டிய அந்த விமானம் அவர் கைக்கு வந்தது முந்தைய நாள்தான். எந்த டாங்க்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வால்வை, வரைபடத்தில் இருந்த இடத்தை விட்டு, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார் கட்டியவர். கைப்பிடியில் எந்த நிலை எந்த டாங்க் என்ற குறி இல்லை. திருப்புவதற்கே கடினமாக இருந்ததால் பிளையர் வைத்துத் திருப்பியிருக்கிறார்கள். அதை எட்ட வேண்டுமானால் கட்டுப்பாட்டு ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து, உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானாகவே ரட்டர் (வால் சுக்கான்) மிதியை அழுத்திவிடும் என்பதை விசாரணையில் செய்து பார்த்தார்கள். கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பவும் இல்லை.

இந்த ஒரு விபத்திலேயே மேலே சொன்ன காரணங்கள் அத்தனையும் இருக்கின்றன: எரிபொருள் அமைப்பு, பழக்கமில்லாத மாடல், புது உரிமையாளர்.

## எதை வைத்து எடைபோடுவது

விலையிலிருந்து தொடங்காதீர்கள். ஆபத்து அதிகமுள்ள மணிநேரங்கள் எவை, அப்போது உள்ளே இருக்கப் போவது யார் என்பதுதான் முதல் அளவுகோல். ஒரு குறை உருவானால் அதைக் கண்டுபிடிக்கப் போவது யார் என்பது இரண்டாவது. கட்டியவரா, மெக்கானிக்கா, யாருமே இல்லையா?

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: விமானம் எந்த வேகத்தில் தரையைத் தொடுகிறது. இன்ஜின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால் உடம்பு தாங்க வேண்டிய ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 45 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்தில் இறங்குவதோடு ஒப்பிட்டால் 65 நாட் வேகத்தில் இறங்கும்போது அது இரண்டு மடங்குக்கு மேல். வீட்டில் கட்டும் விமானங்களிலேயே மெல்லப் பறக்கும் ஜெனித் சிஎச் 750-யும் சீறிப் பாயும் லான்செய்ரும் ஒரே சட்டப் பிரிவில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘வீட்டில் கட்டியது’ என்று பேசுவதில் அர்த்தமில்லை. வேகமான லான்செய்ர்களின் உயிரிழப்பு விபத்துகளைப் பற்றி, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2009-இல் தனியாகவே எச்சரிக்கை விட்டது.

அடுத்து மொத்தச் செலவு, விற்கும்போது திரும்ப வருவது. கடைசியாக, பக்கத்து இருக்கையில் உட்காருபவரின் மனம். இதை அளவுகோலாகவே சேர்க்கிறோம். மனைவியோ கணவரோ ஏற மறுக்கும் நான்கு இருக்கை விமானம், ஹேங்கர் வாடகை கட்டும் ஒற்றை இருக்கை விமானம்தான்.

## கிட் வாங்கி நாமே கட்டுவது

சட்டம் எளிது. கட்டுமான வேலையின் பெரும்பகுதியை, பேச்சுவழக்கில் 51 சதவீதத்தை, கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டும் தனிநபர்கள் செய்திருக்க வேண்டும். பணம் கொடுத்து முழுவதையும் கட்டி வாங்கினால் இந்தப் பிரிவில் சான்றிதழ் கிடைக்காது. எஃப்ஏஏ அல்லது அதன் பிரதிநிதி ஆவணங்களையும் விமானத்தையும் பார்த்துச் சான்றிதழ் தருவார். அதன்பின் சோதனைப் பறப்புக் காலம்: சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்த அமைப்பு என்றால் வழக்கமாக 25 மணி, இல்லையென்றால் 40 மணி. அண்மையில், மணிக்கணக்குக்குப் பதிலாக வரையறுத்த சோதனைகளைச் செய்து முடிக்கும் வழியும் வந்திருக்கிறது. இந்தக் காலத்தில் மக்கள் நெருக்கமில்லாத, குறித்துக் கொடுத்த பகுதிக்குள்தான் பறக்கலாம். பயணிகளை ஏற்ற முடியாது. தகுதியுள்ள இரண்டாவது விமானி ஒருவரை மட்டும் விதிகளுக்கு உட்பட்டு அழைத்துப் போகலாம்.

இந்த விதியின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. புது விமானத்தின் ஆபத்தான மணிநேரங்களில் குடும்பம் உள்ளே இருக்காது. அதே மணிநேரங்களில் கட்டியவர் தன் விமானம் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகிறது (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிறது), எந்த டாங்க்கில் கடைசி சில லிட்டர் வராமல் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்கிறார்.

இறக்கையைப் பற்றிய பயத்துக்குப் பதில் ரிவெட்டிலேயே இருக்கிறது. அலுமினிய கிட்டுகளில் அதிகம் வரும் எட்டில் ஓர் அங்குல ரிவெட்டை அடித்து முடித்தால், பின்பக்கம் நசுங்கிய தலை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும்: அகலம் 3/16 அங்குலம், உயரம் 1/16 அங்குலம். இதற்கென்று ஓட்டை போட்ட சிறு தகட்டு அளவுகோல் விற்கிறார்கள். வைத்துப் பார்த்தால் ஒரு விநாடியில் தெரியும். சாய்ந்திருந்தாலோ பிளந்திருந்தாலோ துளையிட்டு எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளில் சில சுமாராகப் போனாலும் சுமை பக்கத்து ரிவெட்டுகளுக்குப் பகிர்ந்துபோகும். கண்ணுக்குத் தெரிகிற, அளந்து பார்க்க முடிகிற வேலை இது. உடல் முறிவு அபூர்வமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எரிபொருள் குழாய் அப்படியில்லை. டாங்க்கை அடைக்கும் சீலன்ட்டின் துணுக்கு ஒன்று உள்ளே மிதந்தாலும், இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றியதில் ஒரு நூல் பிரிந்து வடிகட்டியில் போய் ஒட்டினாலும் வெளியிலிருந்து தெரியாது. தரையில் இன்ஜின் நன்றாகவே ஓடும். முழுச் சக்தியில் மூக்கை உயர்த்தி ஏறும்போதுதான் இருமும். அதனால் முதல் பறப்புக்கு முன் எரிபொருள் ஓட்டச் சோதனையை ஒருபோதும் விடக் கூடாது. செய்முறை இது:

- அதிகபட்ச ஏறுகோணத்தைவிட இன்னும் 5 டிகிரி மூக்கு உயர்ந்திருக்கும்படி விமானத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். விமானத்தையும் பிடிக்கும் கேனையும் ஒயரால் இணைத்து எர்த் செய்யுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.
- சோதிக்கும் டாங்க்கில் மிகக் குறைந்த எரிபொருளே இருக்கட்டும். நிறைந்த டாங்க்கின் எடை உண்மை நிலையை மறைத்துவிடும்.
- கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்தில் குழாயைக் கழற்றிக் கேனுக்குள் விட்டு நேரம் பாருங்கள்.
- பம்ப் இருந்தால் இன்ஜினின் முழுச் சக்தித் தேவைக்கு 125 சதவீதம் வர வேண்டும். புவியீர்ப்பால் மட்டும் இறங்கும் அமைப்பு என்றால் 150 சதவீதம்.

180 குதிரைத்திறன் இன்ஜினுக்குக் கணக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.55 பவுண்டு எரிபொருள் என்று வைத்தால்: 180 × 0.55 = மணிக்கு 99 பவுண்டு. கேலனுக்கு 6 பவுண்டு வைத்தால் 16.5 கேலன். அதில் 125 சதவீதம் சுமார் 20.6 கேலன். அப்படியானால் ஒரு கேலன் கேன் 2 நிமிடம் 55 விநாடிக்குள் நிறைய வேண்டும். மூன்றரை நிமிடம் ஆனால் அன்றைக்குப் பறப்பு இல்லை. ஒவ்வொரு டாங்க்குக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். சான்றிதழ் தருமுன் இந்தச் சோதனையைச் செய்து ஆவணப்படுத்த வேண்டும் என்று என்டிஎஸ்பியே தன் ஆய்வில் பரிந்துரைத்திருக்கிறது.

மறைந்த செலவுகளில் முதலாவது நேரம். ஆர்வி-7 போன்ற அலுமினிய கிட்டுக்கு 1,500 முதல் 2,000 மணி வேலை என்று வைத்துக்கொள்ளலாம்; வாரம் 10 மணி ஒதுக்கினால் மூன்று, நான்கு ஆண்டுகள். பாதி கட்டிய கிட்டுகள் விற்பனைக்கு வந்துகொண்டே இருப்பது இதனால்தான். அடுத்து, கிட்டின் விலையை விமானத்தின் விலை என்று நினைத்துவிடுவது. இன்ஜின், புரொப்பெல்லர், கருவிகள், பெயின்ட் எல்லாம் சேரும்போது கிட் மொத்தத்தில் பாதிகூட இருக்காது. மூன்றாவது, கிட் கம்பெனியின் நிதிநிலை. 11,000-க்கும் மேற்பட்ட ஆர்விகள் பறக்கின்றன. அவற்றின் தயாரிப்பாளரான ஆரிகனின் வேன்ஸ் நிறுவனமே, லேசரில் வெட்டிய பாகங்களில் விரிசல் பிரச்சினை உட்படப் பல நெருக்கடிகளுக்குப் பின் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. முன்பணம் கட்டியவர்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டி வந்தது. நிறுவனம் மறுஆண்டு மீண்டது. இருந்தாலும் பாகங்களைத் தேவைப்படும்போது பகுதி பகுதியாக வாங்குவதே நல்லது.

கைமாறாக ஒரு பெரிய லாபம் உண்டு. கட்டியவர் விண்ணப்பித்தால் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ரிப்பேர்மேன் சான்றிதழ் பெறலாம். ஆண்டுச் சோதனையில் தானே கையெழுத்திடலாம். ஒவ்வொரு போல்ட்டையும் தெரிந்தவர் ஆண்டுதோறும் அதைத் திறந்து பார்க்கிறார் என்பது பணத்தைவிடப் பெரிது. வீட்டில் விமானம் கட்டுபவர்களின் சங்கமான ஈஏஏ அமைப்பின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் கட்டணமில்லாமல் கேரேஜுக்கே வந்து பார்ப்பார்கள். இறக்கையை மூடும் முன்பு ஒருமுறை, எரிபொருள் குழாய் போட்டதும் ஒருமுறை கூப்பிடுங்கள். கட்டியவர் கண்ணுக்குப் பழகிப்போன தப்பு புதியவர் கண்ணில் உடனே படும்.

## கட்டியதை வாங்குவது

வெளியிலிருந்து பார்க்க இதுதான் புத்திசாலித்தனமான வழி. சோதனைக் காலம் முடிந்தது, விலையும் பரவாயில்லை. ஆனால் ஆபத்துக் கணக்கில் அதிகக் கவனம் கேட்பதும் இதுதான். கட்டியவர் அந்த 40 மணியில் கற்றது அவர் தலையில் இருக்கிறது. சாவி மட்டும்தான் உங்கள் கைக்கு வருகிறது. ஒரே மாடல் என்றாலும் இரண்டு விமானங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மூக்கின் ஏற்ற இறக்கச் சமநிலையைச் சரிசெய்யும் ட்ரிம் சுவிட்ச் ஒன்றில் ஸ்டிக்கிலும் மற்றொன்றில் பேனலிலும் இருக்கும். எரிபொருள் வால்வும் அப்படித்தான்.

பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் காகிதங்களைக் கேளுங்கள். கட்டுமானப் பதிவும் படங்களும், எஃப்ஏஏ கொடுத்த இயக்க வரம்புக் கடிதம், கடைசியாக எடை போட்ட தாள், சோதனைப் பறப்புப் பதிவு. பெயின்ட் அடித்ததும் புதுக் கருவி வைத்ததும் எடை போட்ட பிறகுதான் என்றால் அந்தத் தாள் செல்லாக் காசு. சோதனைப் பதிவில் ‘40 மணி, எல்லாம் திருப்தி’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் சோதனையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் மானிட்டரின் பதிவுகளை இறக்கித் தரச் சொல்லுங்கள். பறந்த தேதிகளும் மணிகளும் அதில் இருக்கும்.

பிறகு இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எரிபொருள் வால்வைத் தேடித் திருப்புங்கள். முடியவில்லையென்றால் வால்வை மாற்றிப் பொருத்தும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது வேறு விமானம் பாருங்கள்.

கட்டியவரின் ரிப்பேர்மேன் சான்றிதழ் விமானத்தோடு வராது. ஆண்டுச் சோதனைக்குப் பெரும்பாலும் எஃப்ஏஏ உரிமம் பெற்ற ஏ அண்ட் பி மெக்கானிக் ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கும். இந்த வகை விமானத்தைத் தொடவே தயங்கும் மெக்கானிக்குகள் உண்டு. அதனால் வாங்குவதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுங்கள். வாங்குமுன் நடக்கும் சோதனையையும் அந்த மாடல் தெரிந்தவரே செய்யட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் தனியாகப் பறக்குமுன் அதே மாடலில் 5 முதல் 10 மணி பயிற்சி கேட்பது வழக்கம். அதைத் தண்டச் செலவாக நினைக்காதீர்கள். முதல் பறப்பிலேயே விழுந்த அந்த 14 பேரின் கணக்கு இந்தப் பயிற்சிக்காகவே எழுதி வைத்தது போல் இருக்கிறது.

## பழைய செஸ்னா அல்லது பைப்பர்

வீட்டில் யாரும் கேள்வி கேட்காத தேர்வு இது. பெயர் தெரியும், தொழிற்சாலையில் செய்தது, வடிவமைப்பை எஃப்ஏஏ சோதித்திருக்கிறது. 1956 முதல் வரும் 172, மனிதன் கட்டிய விமானங்களிலேயே அதிக எண்ணிக்கையில் வந்தது. மெல்ல இறங்கும். மேல்இறக்கை என்பதால் எரிபொருள் தானாக இறங்கும். வால்வை ‘இரண்டு டாங்க்கும்’ என்ற நிலையில் விட்டுவிட்டால், ஒரு டாங்க் காய்ந்து மற்றதில் எரிபொருள் மீதியிருக்கும்போதே இன்ஜின் நிற்கும் விபத்துக்கு இடமே குறைவு.

ஆனால் இங்கே பொதுமக்களின் நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகவே போகிறது. செஸ்னா 1986-இல் சிறு பிஸ்டன் விமானங்களை நிறுத்தி, பத்தாண்டு கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. ஆகவே கைக்கெட்டும் விலையில் வருபவை பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவை. 2018 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் டேட்டோனா பீச்சில் பயிற்சிப் பறப்பில் இருந்த பைப்பர் ஆரோவின் இடது இறக்கை பிரிந்து இருவர் இறந்தார்கள். இறக்கையின் முதுகெலும்பான பிரதான ஸ்பாரில் உலோகச் சோர்வு விரிசல். அது பழைய விமானம்கூட இல்லை, 2007-இல் செய்தது. பயிற்சியில் ஆயிரக்கணக்கான இறக்கங்களைத் தாங்கியது. கேரேஜ் விமானத்தைப் பற்றிப் பயப்படும் அதே முறிவு, முழுச் சான்று பெற்ற விமானத்தில் நடந்தது. அதன்பின் எஃப்ஏஏ ஏராளமான பைப்பர்களுக்கு ஸ்பார் போல்ட் துளைகளில் மின்காந்த முறையில் விரிசல் தேடும் எட்டி கரன்ட் சோதனையைக் கட்டாயமாக்கியது. அதற்காக இந்த விமானங்களை ஒதுக்க வேண்டாம். பள்ளியில் எத்தனை மணி ஓடியது, கடலோரத்தில் நின்றதா, துருவுக்கு இறக்கை உள்ளே பார்த்தார்களா என்று கேளுங்கள்.

செலவு மறைந்திருப்பது பராமரிப்பில். ஆண்டுச் சோதனையில் ஐஏ என்ற கூடுதல் சோதனை அங்கீகாரம் உள்ள மெக்கானிக்தான் கையெழுத்திட வேண்டும். எஃப்ஏஏ உத்தரவு வந்தால் சொன்ன கெடுவுக்குள் செய்தாக வேண்டும். அங்கீகரித்த பாகம்தான் போட வேண்டும். ஒரே கம்பெனியின் திரைக் கருவியும் ஆட்டோபைலட்டும் வீட்டில் கட்டிய விமானத்துக்கு ஒரு விலை, இதற்கு இன்னொரு விலை. அதனால்தான் பல செஸ்னாக்கள் இன்னும் பழைய கருவிகளோடு ஓடுகின்றன. விற்கும்போது மட்டும் நிம்மதி: வாங்க ஆள் உண்டு, கடன் கொடுக்க வங்கி உண்டு, கட்டியவர் என்ற பெயரில் உங்கள் தலையில் வழக்கு விழும் கவலை இல்லை.

## தொழிற்சாலை இலகு விமானம்

2004-இல் வந்த எல்எஸ்ஏ (இலகு விளையாட்டு விமானம்) பிரிவில் தயாரிப்பாளரே தொழில்தரத்துக்கு ஏற்பச் செய்ததாக அறிவித்து விற்கிறார். பழைய விதிப்படி தரைவிமானத்துக்கு 1,320 பவுண்டு எடை, இரண்டு இருக்கை வரம்பு. 2025 ஜூலையில் அறிவித்த புது விதிகள் இதைப் பெரிதும் தளர்த்துகின்றன. புது விமானம், கட்டும் வேலை இல்லை. தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதிக்காமல் ஒரு ரேடியோகூட மாற்ற முடியாது. கம்பெனி மூடினால் அந்த அனுமதிக்கு ஆளே இல்லாமல் போகும் என்பதுதான் சிக்கல்.

தொழிற்சாலை முத்திரை வடிவமைப்புக் குறையை நீக்கிவிடாது என்பதற்கு ஜோடியாக் சிஎச் 601 எக்ஸ்எல் சாட்சி. கிட்டாகவும் தொழிற்சாலை விமானமாகவும் விற்ற இந்த மாடல் வானத்திலேயே உடைந்த விபத்துகளால், அதன் பறப்பை நிறுத்த வேண்டும் என்று 2009 ஏப்ரலில் என்டிஎஸ்பி எஃப்ஏஏ-விடம் கோரியது. அந்த ஆண்டு நவம்பரில் இறக்கையைப் பலப்படுத்தும் மாற்றங்கள் வந்தன. இறக்கை பற்றிய பயம் நியாயமாகப் பொருந்துவது இப்படிப்பட்ட இடத்தில்தான்: குறை வடிவமைப்பில் இருந்தால் கட்டியது யார் என்பதில் வித்தியாசமே இல்லை. எந்த மாடலை வாங்கினாலும் அதன் பெயரை என்டிஎஸ்பி விபத்துத் தரவில் தேடி, ‘நடுவானில் உடைந்தது’ என்ற வகை விபத்து உண்டா என்று பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கிட் கட்டுவது | கட்டியதை வாங்குவது | பழைய செஸ்னா, பைப்பர் | தொழிற்சாலை எல்எஸ்ஏ |
|---|---|---|---|---|
| ஆபத்து கூடும் நேரம் | சோதனைக் காலத்தின் தொடக்கம் | புது உரிமையாளரின் முதல் பறப்புகள் | வயதும் துருவும். எப்போதும் | லேசான உடல் என்பதால் காற்று வீசும் நாளின் இறக்கம் |
| ஆண்டுச் சோதனை | கட்டியவரே செய்யலாம் | பெரும்பாலும் மெக்கானிக் | ஐஏ மெக்கானிக் மட்டும் | மெக்கானிக், அல்லது பயிற்சி பெற்ற ரிப்பேர்மேன் |
| மறைந்த செலவு | ஆண்டுகள், இன்ஜின், விலையேற்றம் | பயிற்சி, பிறர் தப்பைத் திருத்துவது | கட்டாய உத்தரவுகள், அங்கீகரித்த பாகங்கள் | தயாரிப்பாளர் அனுமதி |
| வாடகைக்கு விடுவது | பொதுவாக முடியாது | பொதுவாக முடியாது | முடியும் | பயிற்சிக்கு முடியும் |

## யாருக்கு எது

இரண்டு ஆண்டுக்குள் பறக்க வேண்டும், நான்கு பேர் குடும்பம், வீட்டில் தயக்கம்: பழைய 172 வாங்குங்கள். வேகத்துக்காக இதைத் தவிர்க்க வேண்டாம். எல்லை தாண்டிப் போகும் எண்ணம் இருந்தாலும் இதுவே எளிது. வீட்டில் கட்டியதன் சான்றிதழ் மற்ற நாடுகளில் தானாகச் செல்லாது, அந்தந்த நாட்டு அனுமதி வேண்டும்.

கைவேலையில் ஆசை இருக்கிறது, பறக்க இன்னொரு வழியும் கைவசம் இருக்கிறது என்றால் கிட். கட்டும் ஆண்டுகளில் பறப்பதையே நிறுத்திவிட்டு, துருப்பிடித்த கையோடு முதல் பறப்புக்குப் போவதுதான் கட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு. கிட் வாங்கும்போதே பறப்புக்கும் தனியாக மாதப்பணம் ஒதுக்குங்கள். மலிவு என்று கார் இன்ஜினை மாற்றிப் போடும் எண்ணத்தை முதல் விமானத்துக்கு வைக்காதீர்கள். இன்ஜின் தாங்கினாலும், அதைச் சுற்றி நாம் கட்டும் எரிபொருள், குளிர்விப்பு, பற்றவைப்பு அமைப்புகள்தான் கைவிடும்.

கட்டியதை வாங்குவது, அந்த மாடலில் ஏற்கெனவே மணிகள் உள்ளவருக்கு மிக நல்ல பேரம். இல்லாதவர், ஆயிரக்கணக்கில் பறக்கும் மாடல் ஒன்றை, வரைபடத்திலிருந்து விலகாமல் கட்டியதாகப் பார்த்து, பயிற்சிக்குப் பணத்தை முதலிலேயே ஒதுக்கி வாங்கலாம். ஒரே ஒருவர் கண்டுபிடித்த மாற்றங்கள் நிறைந்த விமானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் கட்டிய எந்த விமானத்திலும் எல்லார் கண்ணிலும் படும்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும்: தொழில்முறை சாராதவர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான மத்திய பாதுகாப்பு விதிகளுக்கு இது இணங்கவில்லை என்று. முதன்முறை ஏற வரும் மனைவியோ மாமனாரோ அதைத் தானாகப் படித்துத் திடுக்கிட விடாதீர்கள். ஏறுவதற்கு முன்பே நீங்கள் சொல்லுங்கள். எரிபொருள் ஓட்டச் சோதனைத் தாளையும் சோதனைப் பறப்புப் பதிவையும் எடுத்துக் காட்டுங்கள். அவர்களை ஏற்றுமுன் அந்தப் பதிவில் நீங்கள் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும்: விமானம் முழு எடையில், சுமை பின்பக்கம் கூடிய நிலையில் பறந்து சோதிக்கப்பட்டதா? கவனமாகச் செய்பவர்கள் மணல் மூட்டையைக் கட்டி வைத்து, எடையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஸ்டால் வேகத்தைக் குறித்திருப்பார்கள். பதிவு முழுக்க ஒரே ஆள், அரை டாங்க் என்று இருந்தால், இரண்டு பேரும் பெட்டியும் ஏற்றி அந்த விமானத்தை இதுவரை யாரும் சோதித்ததில்லை. மூட்டைகளை வாங்கி, தகுதியுள்ள பயிற்சியாளர் ஒருவரின் திட்டப்படி அந்தப் பறப்புகளை முதலில் முடியுங்கள்.